மழைக் கணக்கும் காற்றுக் கணக்கும்

கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கதை எழுத வந்தவர்களில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடிவந்தவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பேர்ப்பட்ட என்னிடம், 2024ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு மாலை, என் பேத்தி மின்சாரக் கட்டண ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாள். பணம் கட்டவேண்டுமாக்கும் என்று நான் சட்டைப் பையைத் தடவினேன்.

"பணம் நான் கட்டியாச்சு தாத்தா. போன ரெண்டு மாசத்துல நாம எவ்வளவு கரியமிலவாயு விட்டிருக்கோம், சொல்லுங்க பார்ப்போம்."

"நான் மூச்சு விடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லையே அம்மா" என்றேன்.

"மூச்சைக் கணக்குல சேர்க்கிறதில்லே. நீங்க சாப்பிட்ட அரிசி காத்துலேருந்து எடுத்துக்கிட்ட கரியைத்தான் நீங்க மூச்சாத் திருப்பி விடுறீங்க. அது கைமாத்து மாதிரி. வாங்கினதைக் குடுத்துட்டா நேராயிடும். நான் கேக்கறது இந்தக் கரண்டை."

மூச்சு விடுவதற்கு மன்னிப்புக் கிடைத்ததில் எனக்குப் பரம திருப்தி. ஆனால் ரசீதில் 600 யூனிட் என்று போட்டிருந்தது. அதில் பெரும்பங்கு என் அறையிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் கைங்கரியம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆகையால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமிலவாயு என்று மத்திய மின்சார ஆணையம் வருஷாவருஷம் கணக்கிட்டு வெளியிடுகிறதாம். அறுநூறை எழுநூறால் பெருக்கினால் 420 கிலோ. நாலு மூட்டை அரிசிக்கும் மேலே! அத்தனை கனமான ஒரு வஸ்துவை நான் இரண்டு மாதத்தில் ஆகாயத்தில் ஏற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"யார் இதை நிறுத்துப் பார்த்தது?" என்று கேட்டேன்.

"யாரும் நிறுக்கலே தாத்தா. இது பெருக்கினது."

பெருக்கினது என்றதும் எனக்குத் துடைப்பந்தான் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு அவள் விளக்கிய பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அந்த ஞாபகம் அவ்வளவு தப்பில்லை என்று தோன்றிற்று. வீடு முழுவதும் சிதறிக் கிடப்பதை ஒரு மூலையில் கூட்டிச் சேர்த்து இவ்வளவு என்று காட்டுகிற வேலைதான் அவளுடைய உத்தியோகம். ஒரு கம்பெனி வருஷத்தில் எத்தனை லிட்டர் டீசல் எரித்தது, எத்தனை யூனிட் மின்சாரம் வாங்கியது, எத்தனை பேர் எத்தனை மைல் விமானத்தில் பறந்தார்கள் என்று ரசீதுகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விதிக்கப்பட்ட எண்ணால் பெருக்கி, மொத்தம் இத்தனை டன் என்று எழுதிக் கொடுக்கிறாள். உலகத்திலுள்ள அரசாங்கங்களும் தங்கள் கணக்கை ஏறக்குறைய இப்படித்தான் போடுகின்றனவாம். அதற்கு 2006ஆம் வருஷத்தில் சர்வதேச விஞ்ஞானிகள் குழு எழுதிக்கொடுத்த தலையணை தலையணையான புத்தகங்கள் இருக்கின்றன.

விதிக்கப்பட்ட எண் என்று சொன்னேனே, அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக்கூடச் சற்றுக் குறைவு. அது எரிந்தால் வருகிற கரியமிலவாயுவோ 2.3 கிலோ. எரிந்த பொருள் குறையும் என்றுதான் நான் எழுபது வருஷமாக நினைத்திருந்தேன். பேத்தி சிரித்தாள். பெட்ரோலிலிருந்து தனியாகப் புறப்படுகிற கரியணு, வாசலைத் தாண்டியதும் காற்றிலிருந்து இரண்டு பிராணவாயு அணுக்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போகிறது. கரியின் எடை பன்னிரண்டு. கூட வந்த இருவரும் தலைக்குப் பதினாறு. ஆக நாற்பத்து நாலு. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் மூவராக வந்து நிற்பதுபோலத்தான். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. காரணம், எங்கள் குடும்பத்தில் நாலு கல்யாணம் நடத்தியவன் நான்.

எல்லாம் சொன்னவள் அன்றைக்கு உற்சாகமாக இல்லை. ரசீதைக் கொண்டுவந்து வம்புக்கு இழுத்ததே மனத்திலிருந்த வேறு எதையோ மறக்கத்தான் என்று சாப்பாட்டு வேளையில் தெரிந்தது. அவள் கணக்கெழுதுகிற கம்பெனிகளில் ஒன்றில், ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினோம் என்பதைக் காவலாளி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் அந்த நோட்டு ஊறிப்போய், மூன்று மாதத்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. "அதனால் என்ன, போன வருஷத்து மூணு மாசத்து எண்ணைப் போட்டு முடித்துவிடு" என்றாராம் மேலதிகாரி.

"போட்டுவிடேன்" என்றேன்.

"அந்த மூணு மாசத்துலதான் தாத்தா, கரண்ட் இல்லாம ஜெனரேட்டர் நாள்கணக்கா ஓடியிருக்கு. போன வருஷத்து எண்ணைப் போட்டா அது பொய்."

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். என் வயிற்றுக்குள் என்னவோ சில்லென்றது. மோரினால் அல்ல.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கொடுத்திருந்த புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலே சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்கருடைய கதை இருந்தது. கதை என்று நான் சொல்வது பழக்க தோஷத்தினால், நடந்த விஷயம்.

கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1856ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமிலவாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறுகிறது என்று கண்டு எழுதினார். மூன்று வருஷம் கழித்து லண்டனில் டிண்டால் அதையே இன்னும் நுட்பமாகப் பரிசோதித்தார். 1896ல் ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ், இந்த வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டார். இதற்குப் 'பசுமை இல்ல வாயு' என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர் தேசத்தில் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் சரி. நமக்கெல்லாம் 'கம்பளி வாயு' என்று சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். சித்திரை மாதத்துக் கம்பளி. அது போகட்டும்.

இத்தனை பேர் இத்தனை சொல்லியும், காற்றில் அந்த வாயு நிஜமாகவே எவ்வளவு இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று நம்பும்படியாக ஒருவரும் அளந்து வைக்கவில்லை. அளந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் வந்தது. காட்டுக்குப் பக்கத்தில் அளந்தால் ஒன்று, பட்டணத்தில் அளந்தால் இன்னொன்று. இந்த நிலைமையில்தான் 1950களின் நடுவில் கீலிங் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெட்டவெளிக்குப் போய் அதன் திருகைத் திறந்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு மூடவேண்டும். இது கேட்பதற்குச் சுலபம். ஆனால் மனிதன் வெளிவிடுகிற மூச்சில், காற்றில் உள்ளதைப் போல் நூறு மடங்கு கரியமிலவாயு இருக்கிறது. ஒரு மூச்சு குடுவைக்குள் போனால் தீர்ந்தது. ஆகவே காற்று வருகிற திசையைப் பார்த்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திருகைத் திறக்கவேண்டும். கலிபோர்னியாவில் பிக் சர் என்ற வனத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு, இரவில் சில மணிக்கு ஒரு தடவை எழுந்து இதையே செய்தார் அந்த மனிதர். இரவில் மரங்கள் மூச்சு விடுவதால் அளவு ஏறுகிறது, பகலில் இறங்குகிறது, பிற்பகல் காற்றில் மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது என்று கண்டார். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 310 பங்கு.

அதன் பிறகு 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு கருவியை வைத்தார்கள். நாலு பக்கமும் பசிபிக் சமுத்திரம். கீழே ஒரு புல்லும் முளைக்காத எரிமலைக் குழம்புப் பாறை. ஆலையும் இல்லை, காடும் இல்லை. ஒரு குழாயில் காற்றை விட்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை அதன் வழியே செலுத்தினால், கரியமிலவாயு தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதிலிருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த வாயுவை நடுநடுவே அதே குழாயில் விட்டுப் பரீட்சிப்பார்கள். எரிமலை தானே புகை விடுகிற நேரங்களில் அளவு தாறுமாறாக ஆடும். அந்த மணிகளின் எண்ணைச் சேர்க்காமல் தள்ளிவிடுவார்கள். முதல் நாள் வந்தது 313.

மே மாதம் வரை எண் ஏறிற்று. பிறகு இறங்கத் தொடங்கிற்று. அடிக்கடி மின்சாரம் வேறு நின்றுபோய்விட்டது. இந்தக் கருவியை நம்புவதா வேண்டாமா என்று கீலிங்குக்கே கவலை. ஆனால் அடுத்த வருஷமும் அதே போல் மே வரை ஏறி, செப்டம்பர், அக்டோபர் வரை இறங்கிற்று. அப்போதுதான் விளங்கியது. பூமியின் வடபாதியில் இருக்கிற காடும் கழனியும் கோடையில் தளிர்த்து வாயுவை உண்கின்றன. இலை உதிர்ந்து மக்கும்போது திருப்பித் தருகின்றன. ஒரு மலைச்சரிவில் இருக்கிற பெட்டிக்குள் அரை உலகத்துப் பச்சையெல்லாம் மூச்சு வாங்குவது தெரிந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு வருஷம். ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடச் சற்று மேலே போய் நின்றது. 1959ன் சராசரி 316. 2024ன் சராசரி 424.6. 2025 மே மாதத்தில் 430ஐயும் தாண்டிவிட்டது. யந்திரங்கள் வருவதற்கு முன்னால், பனிப்பாறைக்குள் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகள் சொல்கிறபடி, அது 280 சுமாருக்கு இருந்தது.

நான் புத்தகத்தை மூடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே மாதவாரியாக எண்கள் இருந்தன. 1958 ஜூன் மாதத்துக் கட்டத்தில் எண் இல்லை. அக்டோபரிலும் இல்லை. 1964ல் பணமில்லாமல் வேலையே சில மாதம் நின்றுபோயிருக்கிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றுக்கும் எண் இல்லை. முன்னும் பின்னும் உள்ளதைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடியதை ஊகிக்க எனக்கே முடியும். அவர்களும் ஊகித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊகத்தை வேறொரு பத்தியில், இது ஊகம் என்று சொல்லித் தனியாக எழுதியிருக்கிறார்கள். அளந்தவற்றுக்கான பத்தியில் அந்த இடம் இடமாகவே இருக்கிறது.

எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அப்பா தஞ்சை ஜில்லாவில் ஒரு சிறிய தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. அவர் பார்த்த பல வேலைகளில் மழை அளப்பதும் ஒன்று. கச்சேரி வளைவுக்குள், சுற்றிலும் முள்வேலி போட்ட ஒரு சதுரத்தில், ஐந்து அங்குல அகலப் புனல் வைத்த உருளை ஒன்று பாதி மண்ணில் புதைந்திருக்கும். அதற்குள் ஒரு கண்ணாடிப் போத்தல். காலை எட்டரை மணிக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்க்கவேண்டும். குப்பி ஒரு தடவைக்கு அரை அங்குலம் மழைதான் கொள்ளும். பெருமழை என்றால் ஊற்றி ஊற்றி எண்ணவேண்டும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்குச் சென்ட் என்று பெயர். மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் அப்பா எட்டரை மணிக்குப் போய்ப் போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு, சைபர் என்று எழுதுவார். "இல்லேன்னு தெரியும்தானேப்பா, எதுக்குப் போறே?" என்று நான் கேட்டதுண்டு. "தெரியும்கிறது வேற, பார்த்தேன்கிறது வேற" என்பார். அவரிடம் நீளமான பேச்சு கிடையாது.

1958 நவம்பரில் அவருக்கு ஜுரம் வந்து படுத்துவிட்டார். எனக்குப் பதினோரு வயது. இரவு முழுதும் மழை அடித்தது. ஓட்டின்மேல் யாரோ மரக்கால் மரக்காலாக நெல்லைக் கொட்டுவதுபோல் சத்தம். காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ போய் அளந்துண்டு வா. குப்பியைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாரு. குனிஞ்சு பார்க்காதே" என்றார்.

பெருமை பிடிபடவில்லை எனக்கு. தெருவில் முழங்கால் தண்ணீர். வேலிக்குள் போய்ப் போத்தலை எடுத்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒரு குப்பி ஊற்றினேன். இரண்டாவது குப்பி ஊற்றினேன். ஆக ஒரு அங்குலம். மூன்றாவதுக்குச் சாய்க்கும்போது போத்தல் ஈரக் கையிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்து உருண்டது. உடையவில்லை. ஆனால் உள்ளே இருந்த மழையெல்லாம் தரையில் இருந்த மழையோடு போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை குப்பி இருந்திருக்கும்? நாலா, ஐந்தா? தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அப்பா கேட்டார். "ஒண்ணு நாப்பது" என்றேன். ஒன்று நான் பார்த்தது. நாற்பது நான் பெற்ற குழந்தை.

"கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேம்பா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேறாகியிருந்த என் கால்சட்டையைப் பார்த்தார். "சரி, போ" என்றார். அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு நாள் வடக்குத் தெருவுக்கு அப்பாலிருந்து ஒரு குடியானவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அந்த ஓர் இரவு மழையில் கதிர் சாய்ந்து, மூன்று மா நிலம் பதராய்ப் போய்விட்டது; தீர்வை வஜா கேட்டு மனுப் போட்டிருக்கிறார். "அன்னிக்கு மழை எவ்வளவுன்னு பதிஞ்சிருக்குங்க ஐயா? அதைச் சொன்னா ஒரு பிடிமானமா இருக்கும்" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என்ன பதில் சொல்லப்போகிறார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வருஷம் அவருக்கு வஜா கிடைக்கவில்லை. ஒன்று நாற்பது மழையில் கதிர் சாயாது என்று சொல்லியிருப்பார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்த மனிதரைத் தெருவில் கண்டால், பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியாகப் போவேன்.

மறுநாள் காலை, நான் பேத்தியிடம் இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். அவள் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பெருக்கிப் போட்ட கணக்கை எப்படி நம்புவது என்று முந்தின நாள் நான் கேட்ட கேள்விக்குப் பதில். பதில் சுவாரசியமாக இருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கோழைக்குச் சாக்கு எங்கேயும் கிடைக்கும்.

பழைய குளிர்பெட்டிகளிலும் நுரைப் பலகைகளிலும் சி.எஃப்.சி.-11 என்று ஒரு வாயு இருந்தது. ஆகாயத்திலுள்ள ஓசோனைத் தின்றுவிடுகிறது என்று 1987ல் மாண்ட்ரீல் உடன்படிக்கை போட்டுப் படிப்படியாக அதை நிறுத்தினார்கள். எடைக்கு எடை கரியமிலவாயுவைப் போல் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தையும் அது பிடிக்கும். 2010க்குப் பிறகு எல்லாத் தேசங்களும் உற்பத்தி சைபர் என்று எழுதிக் கொடுத்தன. காற்றிலும் அது குறைந்துகொண்டு வந்தது. ஆனால் குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை. அதே மௌனா லோவாவிலும் மற்ற இடங்களிலும் எடுத்த அளவுகளைப் பார்த்தவர்கள், 2012க்குப் பின் எங்கேயோ யாரோ புதிதாக இதை விடுகிறார்கள், அது கிழக்கு ஆசியாவாக இருக்கவேண்டும் என்று 2018ல் எழுதினார்கள். மறு வருஷம், கொரியாவில் கோசான், ஜப்பானில் ஹதெருமா என்ற இரண்டு தீவு நிலையங்களின் அளவைக் கொண்டு, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தபோது வாயு ஏறிற்று என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். கிழக்குச் சீனாவில், முக்கியமாக ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களில் போய் நின்றது கணக்கு. பிறகு அந்த வாயு மறுபடி குறைந்தது. பதிவேட்டில் சைபர் எழுதினாலும் காற்று தன் பாட்டுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான். பக்கத்து ஊரிலும் ஒரு மழைமானி இருந்தது என்பதைப் பதினோரு வயதில் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"அப்படின்னா பெருக்கறவங்க எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்கன்னு இல்லே தாத்தா. கூடவும் சொல்லிடுவாங்க. நம்ம நெல்லையே எடுத்துக்குங்க."

தண்ணீர் கட்டின வயலில், காற்றுப் புகாத சேற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மீதேன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமிலவாயுவைப் போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிற வாயு அது. நடவு வயலில் இறங்கினால் விரலிடுக்கில் குமிழி குமிழியாக வந்து கூச்சம் காட்டுமே, அதுதான். அதை மீன் என்று நினைத்துத் துழாவியவன் நான்! அந்நிய நாடுகளில் சில வயல்களில் அளந்த எண்ணை நம் நாட்டு நெல் நிலப் பரப்பால் பெருக்கி, இந்திய வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீதேன் விடுகின்றன என்று ஒரு கணக்கு வெளியே வந்துவிட்டது. டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா இதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. 1991ல் பல பிரதேசங்களின் வயல்களில் ஆட்களை இறக்கினார். பயிரின்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, சற்று நேரம் பொறுத்து, உள்ளே சேர்ந்த காற்றை ஊசிக் குழலில் உறிஞ்சி எடுத்துப் பார்க்கவேண்டும். மேட்டு நிலம், மானாவாரி, நிற்கிற தண்ணீர், விட்டு விட்டுப் பாய்ச்சுகிற தண்ணீர் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வந்த எண் சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! ஒருவர் சேற்றில் இறங்கியிருக்காவிட்டால், சோறு உண்கிற குற்றத்துக்கு ஒன்பது பங்கு கூடுதல் பழியைச் சுமந்துகொண்டு நாம் சர்வதேச மகாநாடுகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்கும்.

பெருக்குகிற கணக்கும் வேண்டும், அளக்கிற கணக்கும் வேண்டும் என்றாள் பேத்தி. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, சுண்ணாம்பைச் சுட்டுச் சிமெண்ட் செய்து, மனிதர்கள் வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமிலவாயுவை விடுகிறார்கள் என்பது ரசீதுகளைப் பெருக்கி வந்தது. விடுவதில் ஏறக்குறையப் பாதிதான் காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் மரமும் வாங்கிக்கொள்கின்றன என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. ஒரு கையில் மட்டும் கணக்கு இருந்திருந்தால் கடல் நமக்குச் செய்கிற உபகாரம் தெரிந்தே இருக்காது.

"சரி, உன் ஜெனரேட்டர் என்ன ஆச்சு?" என்றேன்.

"டீசல் வாங்கின பங்க் ரசீதெல்லாம் தேடிப் பிடிக்கச் சொல்லியிருக்கேன். கிடைக்காட்டா மதிப்பீடு போடலாம் தாத்தா. அது தப்பில்லே, எங்க விதியிலேயே இடம் இருக்கு. ஆனா இது மதிப்பீடு, இப்படிப் போட்டோம்னு கீழே எழுதணும். அவருக்கு அதுதான் பிடிக்கலே. எழுதினா கேள்வி வரும்கிறார்."

அவள் முகத்தைப் பார்த்தேன். உத்தியோகத்துக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. நான் எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து, துணியில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்து வந்தேன்.

அப்பா கச்சேரிப் பதிவேட்டுக்கு ஒரு நகல் வீட்டில் வைத்திருந்தார். தம் கைச்செலவில் வாங்கிய நோட்டு. அவர் 1979ல் காலமான பிறகு, பழைய பெட்டியில் அது என் கண்ணில் பட்டது. ஒரு வாரம் வரை திறக்கவில்லை. திறந்ததும் நேரே 1958 நவம்பருக்குத்தான் போனேன். 'ஒன்று நாற்பது' அங்கே இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நடந்ததை ஒன்றுவிடாமல் பேத்தியிடம் சொன்னேன். என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும், "அந்தக் குடியானவருக்குப் பெரிய தாத்தா என்ன பதில் சொன்னார்?" என்றாள்.

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். பதினேழாம் தேதி, பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து. பதினெட்டாம் தேதிக் கட்டத்தில் ஒன்றுமில்லை. கோடுகூட இல்லை, வெறுங்காகிதம், அறுபது வருஷத்தில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஆக, என் எண் எங்கேயும் போகவில்லை. குடியானவருக்கும் அன்று அவர் கேட்ட பிடிமானம் கிடைத்திருக்க வழியில்லை. கொடுப்பதற்கு அப்பாவிடம் ஒன்றும் இல்லை.

பேத்தி நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். "இது யார் கையெழுத்து தாத்தா?" என்று அடுத்த கட்டத்தைக் காட்டினாள்.

பத்தொன்பதாம் தேதி. பூஜ்யம் புள்ளி அறுபத்திரண்டு. அப்பாவின் எழுத்துதான், மற்ற நாட்களைப் போல் இல்லாமல் கோணல் மாணலாக இருந்தது. அன்றைக்கும் அவருக்கு ஜுரம் நூற்றிரண்டு.